வெளியே போக அனுமதி கேட்ட அப்பா

கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்த பன்னிரண்டாவது நாள், ஒரு திங்கட்கிழமை காலை, என் அப்பாவைப் பொலிஸ் பிடித்து வைத்தது. அவர் திருடவில்லை. யாரையும் அடிக்கவில்லை. வேலைக்குப் போக அனுமதி கேட்டார், அவ்வளவுதான்.

பிரியமானவர்களே, நான் பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். எனக்கு இலங்கை அந்நிய நாடு. முப்பது வருடம் கழித்துத் திரும்பிய அப்பா, அம்மாவுக்கும் அது அப்படித்தான் ஆகியிருந்தது. அங்கே முகாமை விட்டு வெளியே போவதென்றால் அதிகாரியிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா இங்கேயும் தினமும் காலையில் பொலிஸ் நிலையத்துக்குப் போய், "தெமட்டகொடைக்கு வேலைக்குப் போறன் ஐயா, ஆறு மணிக்குள்ள வந்திடுவன்" என்று சொல்லிவிட்டே போயிருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. முதல் நாட்களில் கையசைத்து அனுப்பிவிட்டார்கள். அன்று இருந்த அதிகாரி அடையாள அட்டை கேட்டார். அதற்கு அப்போதுதான் விண்ணப்பித்திருந்தோம். அட்டையும் இல்லை, சிங்களமும் தெரியாது. தானாக வந்து நிற்கிற மனிதனைச் சந்தேகப்பட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.காம். சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் ஆங்கிலத்தில் பேசினேன். அந்த அதிகாரி என் சான்றிதழைத் திறந்து பார்க்கவே இல்லை. சிங்களத்தில் ஏதோ சொன்னார். உட்காரச் சொன்னாரா, போகச் சொன்னாரா என்றுகூட எனக்குப் புரியவில்லை. கம்பிக்குப் பின்னால் அப்பா, முகாமில் தலை எண்ணும்போது உட்காருவதுபோல் குந்தியிருந்தார்.

"பிள்ளை, நான் சொல்லிட்டுத்தானே போனனான்?" என்றார்.

அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

கீழ்வீட்டு ரீட்டா அக்கா துறைமுகத்தில் வேலை செய்கிறவர். போன வாரம்தான், "சிங்களம் படிப்பிச்சுத் தாறன், வாங்க" என்று கூப்பிட்டார். "எனக்கு இங்கிலீஷ் இருக்கு, போதும்க்கா" என்றேன். "ஆ, பெரிய படிப்புத்தான்!" என்று சிரித்தார். இப்போது எந்த முகத்தோடு அவரிடம் போவேன்?

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் கூட்டத்துக்குள் முழங்காலில் விழுந்தேன். மனப்பாடமான செபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பேசத் தெரியவில்லை" என்று மட்டும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக அதை ஒப்புக்கொண்டேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. ரீட்டா அக்கா.

"அம்மா சொன்னா. ஏன் என்னைக் கூப்பிடல்ல?"

"அக்கா, நான் அன்னைக்கு உங்ககிட்ட..."

"அதுக்கெல்லாம் பொறகு அழுவோம். இப்ப எழும்புங்க."

நிலையத்தில் அவர் அப்பாவின் முகாம் பழக்கத்தைப் பற்றிச் சிங்களத்தில் நிதானமாகக் கதைத்தார். அதிகாரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கதவைத் திறக்கச் சொன்னார். "இனி கேக்க வரத் தேவையில்லையாம்" என்றார் ரீட்டா அக்கா. அப்பா வாசலில் நின்று அதிகாரியிடம் கேட்டார்: "அப்ப நான் போகலாமா ஐயா?"

அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. ஆனாலும் அப்பா வீட்டில் இருக்கிறார். அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன். மாலைகளில் ரீட்டா அக்காவிடம் சிங்கள எழுத்து எழுதிப் பழகுகிறேன். அன்பானவர்களே, செபியுங்கள். ஆண்டவர் யாரை அனுப்பினாலும், உங்கள் படிப்பைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அப்பா இப்போதும் காலையில் வாசல் படலையடியில் நின்றுவிடுவார். "போயிட்டு வாங்கப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்பார்.