மரப்பும் இழப்பும்

இஸ்திரிப் பெட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் தண்ணீர் தெளிப்பார்கள். அவர் விரலை ஒற்றி எடுப்பார். சில மாதங்களாக, ஒற்றிய விரலை எடுக்கக்கூட அவசரப்படவில்லை. துணி கொடுக்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ‘நெருப்புக்கை’ என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத் தொழிலில் கை தேறிவிட்டதாக அவரும் நம்பினார்.

ஒருநாள் அவர் கை கழுவும்போது கொப்புளம் உடைந்து நீர் வழிந்ததை மனைவி பார்த்தாள்.

“எப்பங்க சுட்டுக்கிட்டீங்க?”

“தெரியலையே.”

“சூடு சொரணை இல்லாத மனுஷன்னு எங்கம்மா அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் கேக்கலை.”

அவரும் சேர்ந்து சிரித்தார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, வெந்நீர்க் குப்பியையும் பச்சைத்தண்ணீர்க் குப்பியையும் மாற்றி மாற்றி விரலில் வைத்தார். எது சூடு என்று அவர் ஊகித்தார். மூன்று தடவையும் தப்பு.

“எத்தனை நாளா மரத்துப் போயிருக்கு?”

“மரத்தெல்லாம் போகலைங்க. கால் மரத்துப்போனா உதறிவிட்டா சரியாயிடும். இது வேலைப் பழக்கம்.”

“முதல்ல ஊசி குத்தற மாதிரி இருந்திருக்குமே?”

“இருந்துச்சு. அப்புறம் வலி தானா விட்டுடுச்சு. நல்லாயிடுச்சுன்னு இருந்துட்டேன்.”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். “மணிக்கட்டுல நரம்பு நசுங்கிக் கிடக்குங்க. ஆபரேஷன் பண்ணா இருக்கறதைக் காப்பாத்தலாம். போனது வரும்னு சொல்ல முடியாது. பெட்டியை இனிமே தொடாதீங்க.”

சீட்டில் ‘உணர்விழப்பு’ என்று எழுதியிருந்தது. மரப்பு, வந்து தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி. இழப்பு என்ற சொல்லுக்குள் திரும்பி வரும் வழி இல்லை. அவர் அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

வீட்டுக்கு வந்ததும், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று மனைவிக்குத் தெரிய வேண்டியிருந்தது. கட்டிலில் எதிரே உட்கார்ந்து அவருடைய கையைத் தலையணைமேல் வைத்தாள்.

“கண்ணை மூடிக்கங்க. சுண்டுவிரல். தெரியுதா?”

“தெரியுது.” நன்றாகவே தெரிந்தது.

“மோதிர விரல்?”

“ம்.” துணிக்கு மேல் தொட்டதுபோல் இருந்தது.

“நடுவிரல்?”

அவள் குரல் தழுதழுத்தது.

“தெரியுது, தெரியுது.”

அவர் கண்ணைத் திறந்தார். அவளுடைய இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.

“நான் இன்னும் தொடலைங்க,” என்றாள்.