வேலிக்கு அப்பால் யானை

மாத்தளைக்காரி ஸஜீதா, தம்புள்ளைக்கு அருகே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பயிற்சி கொடுக்கிறாள். ஏறியிருப்பவரின் மூச்சுக்கும் முதுகசைவுக்கும் ஏற்பக் குதிரை நடக்கவும் நிற்கவும் திரும்பவும் இருவரையும் சேர்த்துப் பழக்குவதே அவள் வேலை. போன வருடம் மிரண்ட குதிரையொன்று தூக்கி எறிந்ததில் அவளுடைய தோள் எலும்பு முறிந்தது. அதன்பின் அவள் தரையில் நின்றே கற்பித்தாள்.

அன்று காலை அவளிடம் குதிரையேற்றம் பழகும் டொக்டர் அஜந்தா வெள்ளைக் குதிரையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். குதிரையைப் பிடித்திருந்த நீண்ட கயிறு ஸஜீதாவின் கையில் இருந்தது. திடீரென்று வேலிக்கு அப்பால் புதர்கள் முறிந்தன. தனி யானை ஒன்று வெளியே வந்தது. குதிரை காதுகளை விறைத்து அப்படியே நின்றது. அதன் தோல் நடுங்கியது.

“நான் குதிக்கட்டே?” என்றார் அஜந்தா.

“வேணாம் டொக்டர்! குதிச்சா இது மிரண்டு ஓடும். நிமிர்ந்து இருந்து மெதுவா மூச்சை விடுங்க.”

அஜந்தா அப்படியே செய்தார். ஆனாலும் குதிரை பின்வாங்கத் தொடங்கியது. ஸஜீதா கயிற்றைச் சுருட்டியபடி அதன் தலையருகே போனாள். யானை வேலிக் கம்பியைத் தும்பிக்கையால் தடவியது.

“ஸஜீதா, நீங்கதான் மூச்சு விடேல்லை” என்றார் அஜந்தா.

உண்மைதான். “யா அல்லாஹ்” என்று அவள் மூச்சை விட்டாள். குதிரையின் கழுத்து மெல்லத் தாழ்ந்தது. பிறகுதான் யானை திரும்பிக் காட்டுக்குள் போனது.

“எனக்குப் பயம் டொக்டர். ஒவ்வொரு நாளும் பயம்” என்று ஸஜீதா அழுதாள். இதுவரை அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

மறுநாளும் வேலைக்கு வந்தாள். புதர்ப்பக்கம் பார்த்துப் பார்த்தே கற்பித்தாள்.