பாக்கை வெட்டலாமா என்று கேட்டு எழுதிய கடிதம்

எழுத்து மூலம் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும், அது கிடைத்த நாளிலிருந்து பதினான்கு வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அனுப்பப்பட வேண்டும். இந்த விதியை எனக்கு யாரும் எடுத்துக் காட்டத் தேவையில்லை. நான் வேலை பார்த்த அரசாங்கத் திணைக்களத்தில் இதன் தமிழ் வாசகத்தை எழுதியவன் நான்தான். அதற்கு மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றிலும் தேநீரும், மீன் அடைத்த மாலுபாணும் தந்தார்கள்.

ஆகவே என் மனைவியின் தம்பி பாக்கு விஷயமாக வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கலங்கவில்லை. வெசாக் விளக்குக் கூடுகள் இன்னும் கழற்றப்படாத கிழமை அது. மழை பிடித்திருந்தது. மச்சான் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றபடியே சொன்னார்.

"அத்தான், பன்ரெண்டு சாக்கு எடுத்துப்போட்டன்."

"என்னத்தை?"

"பாக்கு. கேகாலைப் பக்கம். நல்ல காய்ஞ்ச பாக்கு, தோலோட."

"பன்ரெண்டு சாக்கையும் ஆர் சப்புறது?" என்று குசினிக்குள் இருந்து என் மனைவி கேட்டாள்.

சப்புவதற்கு ஆள் இருந்தது. மாலைதீவில் இருந்து வந்த ஒரு வியாபாரி. பாக்கு இல்லாமல் அந்த ஊரில் ஒரு சாப்பாடும் முடியாதாம். அவர் கொழும்புக்கு வந்தது பல் கட்டுவதற்கு. கொட்டாஞ்சேனையில் மச்சானின் கடைக்கு வெற்றிலை வாங்கப் போனவர், பாக்கும் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மச்சான் முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் பாக்கு எங்கே விளைகிறது என்று விசாரித்திருக்கிறார்.

மச்சானின் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய தகப்பன் நடத்திய பலசரக்குக் கடை அது. பக்கத்தில் குளிரூட்டிய பெரிய கடை வந்த பிறகு, மழைக்கு ஒதுங்குகிறவர்கள்தான் உள்ளே வந்தார்கள். கட்டடக்காரர் அதைக் கைத்தொலைபேசி திருத்துகிற ஒருவருக்குக் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டு முடிவதற்குள் கடையில் ஏதாவது வியாபாரம் நடப்பதைக் காட்டினால் விட்டுவைக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

"இது சரிவராட்டி கடைத் திறப்பைக் கட்டடக்காரரிட்டக் குடுத்திட்டு வாறன். பிறகு காலமையில இருந்து உங்கட ஹோலிலதான் இருப்பன், அத்தான். பேப்பர் பாத்துக்கொண்டு."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் ஹோலில் இருப்பது ஒரு நல்ல நாற்காலி. ஒரு பேப்பர். அந்தக் கடை பிழைக்க வேண்டும் என்று அவரைவிட அதிகமாக நான் விரும்பத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான்.

"இப்ப என்ன பிரச்சினை?" என்று கேட்டேன்.

"எந்த மாதிரி அனுப்புறது எண்டுதான். தோலோட அனுப்பலாம். உரிச்சுக் கொட்டைப்பாக்காய் அனுப்பலாம். ரெண்டாய்ப் பிளந்து அனுப்பலாம். சீவலாய்ச் சீவியும் அனுப்பலாம். வெட்டினாப் பிறகு ஒட்டேலாது, அத்தான்."

நியாயமான கேள்வி. அதை நான் இரண்டாகப் பிரித்தேன். எதை வாங்குவார்கள் என்பது ஒன்று. அதை வாங்குகிறவர் சொல்ல வேண்டும். எதை ஏற்றுமதிப் பத்திரத்தில் எப்படி எழுத வேண்டும் என்பது இன்னொன்று. கொட்டைப்பாக்கு விளைபொருள், சந்தேகமில்லை. சீவல் விளைபொருளா, பதப்படுத்திய உணவா? விளைபொருள் என்றால் ஒரு சான்றிதழ், உணவு என்றால் வேறொரு சான்றிதழ். சாக்கில் ஒன்றும் பத்திரத்தில் இன்னொன்றும் இருந்தால், போன கப்பலிலேயே சரக்கு திரும்பி வரும்.

முதல் கேள்விக்கு உடனே பதில் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. மச்சான் நான்கு வகையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனபோது வியாபாரியின் கன்னம் ஒரு பக்கம் பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. நான்கு பல் பிடுங்கித் தையல் போட்டிருந்தார்கள். தையல் பிரிக்கும்வரை பாக்கு வாயில் வைக்கக்கூடாது, வைத்தால் மிச்சப் பல்லுக்குத் தான் பொறுப்பில்லை என்று பல் டொக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அந்த டொக்டரை எனக்குப் பிடித்தது.

இரண்டாவது கேள்வியை நான் கையில் எடுத்தேன். ஏற்றுமதிச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒன்றரைப் பக்கத்தில் கடிதம் எழுதினேன். பொருள், தொடர்பு, பந்திகளுக்கு இலக்கம், கடைசியில் இணைப்புகள். நான்கு கடித உறைகளில் நான்கு வகைப் பாக்கையும் போட்டு அ, ஆ, இ, ஈ என்று குறித்தேன். அ தோலோடு கிடந்த பாக்கு. ஈ சீவல். பதிவுத் தபாலில் அனுப்பினேன். மச்சான் அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார்.

"அத்தான், இதைப் பாத்தா எனக்கே பயமாயிருக்கு."

"பதினாலு வேலை நாள்," என்றேன்.

பதினைந்தாவது வேலை நாள் நானே போனேன். மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதைப் பற்றிய அறிவித்தல் மட்டும் மூன்று மொழியிலும் பிழையில்லாமல் இருந்தது. என் கடிதம் கோப்பிடப்பட்டு, பக்க இலக்கம் இடப்பட்டு, ஒழுங்காக இருந்தது. அதைக் கையாளும் உத்தியோகத்தர் நாற்பது வயது மதிக்கத்தக்க, மிகவும் மரியாதையான மனிதர். எழுந்து நின்று கதிரை தந்தார். வாயைத் திறந்தபோது நாக்கு செக்கச்செவேலென்று இருந்தது.

சிங்களத்தில் கேட்டேன், இணைப்புகள் எங்கே என்று.

அவர் கோப்பைப் புரட்டினார். அ உறை இருந்தது, ஒட்டியபடியே. ஆ உறை திறந்திருந்தது. உள்ளே கொட்டைப்பாக்கில் ஒன்றில் மட்டும் பல் பட்ட அடையாளம். இ உறையில் இரண்டு துண்டு. ஈ உறையில் கோப்பின் நூல் முனையும் கொஞ்சம் தூளும்.

"புவக் ஹரி ரசய், மாத்தயா," என்றார் அடுத்த மேசைக்காரர். பாக்கு நல்ல ருசியாம். என் உத்தியோகத்தர் அவரை முறைத்துவிட்டு, மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டதாகவும், ஆனால் மாதிரி இல்லாத நிலையில் கோப்பை மேலே அனுப்ப முடியாது என்றும், மறுபடி அனுப்பினால் உடனே ஆவன செய்வதாகவும் சொன்னார். இந்தமுறை கொஞ்சம் கூடுதலாக அனுப்பினால் நல்லது என்றும் சொன்னார்.

முப்பத்தாறு வருட சேவையில் இணைப்புகள் தொலைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். கரையான் அரித்ததை, தேநீர் கொட்டியதை, வேறு கோப்புக்குள் போய் ஓய்வூதியம் வரை தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். விழுங்கப்பட்டதை இப்போதுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, "மேற்படி கடிதத்தின் இணைப்புகள் தங்களால் நுகரப்பட்டமையால்" என்று தொடங்கி இரண்டாவது கடிதம் எழுதினேன். மனைவி அதை வாங்கி அந்த வரியை வெட்டினாள். மாதிரிகளை இரட்டிப்பாக வைத்து அனுப்பினேன்.

"நாளைக்கு ஒரு கட்டு வெத்திலையும் சுண்ணாம்பும் கேப்பினம்," என்றாள் அவள்.

அடுத்த கிழமை வியாபாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். பல் டொக்டரின் இடம் காலி வீதியில், எங்கள் ஒழுங்கை முனையிலிருந்து நடக்கிற தூரம். பழைய தையலைப் பிரித்த அன்றே அதே பக்கத்தில் இன்னும் இரண்டு பல் பிடுங்கித் தைத்திருந்தார்கள்; அந்த வீக்கம் பாதி வடிந்திருந்தது, தையல் இன்னும் பிரிக்கவில்லை. மச்சானும் வந்திருந்தார். மனைவி தேநீர் வைத்தாள். மேசையில் நான் மாதிரிக்காகப் பிரித்து வைத்த மிச்சப் பாக்கு நான்கு தட்டில் இருந்தது. அந்த மனிதர் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து தன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கண் மட்டும் மேசையை விட்டு எடுபடவில்லை. நான் கண்ணாடியைத் துடைக்கக் குனிந்த நேரத்தில், சீவலில் ஒரு விரல்நுனி எடுத்து நல்ல கன்னத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். கடிக்கவில்லை. சும்மா வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம், சம்பள உயர்வு கிடைத்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"இது," என்றார். "இதைத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு என்னைப்போலத்தான் பல். கொட்டையைக் கொடுத்தால் அதை உடைக்க ஒருவரைத் தேட வேண்டும். இன்னும் மெல்லிசாகச் சீவ முடியுமா?"

முடியும் என்றார் மச்சான், வழக்கம்போல முதலில் பதிலைச் சொல்லிவிட்டு. வியாபாரி பத்து நாளில் ஊர் திரும்புகிறார். பன்னிரண்டு சாக்கின் சரக்கும் அதே கிழமைப் படகில் ஏற வேண்டும்.

அவர் போனதும் மச்சான் என் பக்கம் திரும்பினார். "அப்ப வெட்டட்டோ, அத்தான்?"

"பொறும். பதில் வரட்டும்."

"மழையைப் பாருங்கோ. தோலுக்குள்ள ஈரம் ஏறத் தொடங்கீட்டுது. நேற்று ஒரு சாக்கைக் கொட்டிப் பாத்தன், அடியில நாலைஞ்சு பூஞ்சணம்."

"வெட்டின பிறகு அது உணவு எண்டு அவை எழுதினால்? ஒரு சான்றிதழும் இல்லாமல் என்ன செய்வீர்?"

"வெட்டாமல் பழுதாப் போனால் எந்தச் சான்றிதழ் தருவினம்?"

"உமக்கு அவசரம்."

"எனக்குக் கடை, அத்தான்."

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே, "இவர் பொறுங்கோ எண்டு சொன்னபடியால்தான் எங்கட கலியாணம் ஒரு வருசம் பிந்தினது," என்றாள் தம்பியிடம். இது உண்மை. ஆனால் அப்போது எனக்கு இடமாற்றக் கடிதம் வரவேண்டியிருந்தது.

மூன்று நாள் கழித்து நான் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது கடையில் நான்கு பெண்கள் சப்பாணி கட்டி உட்கார்ந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் முகத்துவாரத்தில் இருந்து வந்தவர்கள். பாக்குவெட்டிகளின் சத்தம் தட்டச்சு அறை மாதிரி இருந்தது. மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவங்கதானா காயிதம் எழுதினவங்க?" என்று மச்சானிடம் கேட்டார். மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

மச்சான் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாய் கட்டிய இரண்டு சாக்கு அங்கே நின்றது.

"பத்துச் சாக்கை வெட்டுறன், அத்தான். குறை நினைக்காதேங்கோ. இந்த ரெண்டையும் தொடமாட்டன். அது உங்கட கடிதத்துக்கு."

இரண்டு சாக்கையும் தட்டிப் பார்த்தேன். முழுதாகத் தோற்கவில்லை என்று பட்டது.

சான்றிதழ் கிடைத்த விதத்தை நான் பிறகுதான் கேட்டு அறிந்தேன். மச்சான் ஒரு பையில் சீவலைப் போட்டுக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். மாடி ஏறவில்லை. கீழே ஒரு கவுண்டர் இருக்கிறதாம். "மல்லி, மேக்க யவன்ன ஓன," என்று, இதை அனுப்ப வேண்டும் தம்பி என்று, அங்கே இருந்தவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த இளைஞர் ஒரு படிவத்தைக் கொடுத்து, எந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் ஒரு பரிசோதகர் கடைக்கு வந்து சாக்கைத் திறந்து, கையை விட்டுக் கிளறி, மணந்து பார்த்து, "சீவிய பாக்கு, உலர்ந்தது" என்று எழுதி முத்திரை குத்திவிட்டுப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்தது. அந்தக் கவுண்டரைக் கடந்துதான் நான் படியேறிப் போயிருக்கிறேன். அதன் முன்னால் வரிசை நின்றது. வரிசையில் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. என் காலம் முழுவதும் நான் இருந்தது அதன் மறுபக்கத்தில்.

சரக்கு போனது, திரும்பி வரவில்லை. இரண்டாவது முறையும் கேட்டார்கள், மூன்றாவது முறையும். கடையின் முன்பக்கத்தில் இப்போது பருப்பு இல்லை, பாக்குதான். கட்டடக்காரர் ஒருநாள் வந்து பெண்கள் சீவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு பிடி சீவலும் வாங்கிக்கொண்டு போனாராம். என் நாற்காலி தப்பியது.

நான் மாதம் ஒருதரம் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். மூலையில் அந்த இரண்டு சாக்கும் அப்படியே நிற்கும். "இன்னும் வரேல்லையோ, அத்தான்?" என்று மச்சான் கேட்பார். நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன் என்பேன். அவர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டுவார். பெண்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள். அது எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

கடைசியில் பதில் வந்தது. ஒரே பக்கம். உலர்ந்த சீவலை விளைபொருளாகக் கருதலாம், சீவல் என்றே குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம், அதைத் தரைத் தளக் கவுண்டரில் செய்யலாம். நல்ல கடிதம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அன்றே பஸ் ஏறினேன்.

"மச்சான், இனி வெட்டலாம்," என்று வாசலிலேயே சொன்னேன்.

பாக்குவெட்டிகள் எல்லாம் நின்றுவிட்டன.

"நாளைக்கு வெட்டுவம், அத்தான். இருங்கோ, தேத்தண்ணி..."

"ஏன் நாளைக்கு?" நானே போய்ச் சாக்கின் கட்டை அவிழ்த்தேன். உள்ளே கையை விட்டேன். சாக்கு நிறையப் பாக்குத் தோல். வெறும் தோல். மற்றதிலும் அதேதான்.

மச்சான் நிலத்தைப் பார்த்தார். முகத்துவாரத்து மூத்த பெண்தான் வாய் திறந்தார். "அது வெட்டி நாலு மாசமாச்சுங்க ஐயா. பன்னெண்டு சாக்கும் வேணும்னு அந்த மாலைதீவுக்காரரு சொன்னாருல்ல. நீங்க வர்றப்ப மூலை காலியா இருந்தா மனசு நோகும்னு மொதலாளி தோலை ரொப்பி வைக்கச் சொன்னாரு. பூச்சி வுழுதுன்னு ரெண்டு தடவை மாத்திக்கூட வச்சோம்."

"குறை நினைக்காதேங்கோ, அத்தான்," என்றார் மச்சான்.

நான் சாக்கை மறுபடி கட்டினேன். அவிழ்த்ததைக் கட்டிவைப்பது என் பழக்கம். பிறகு தேநீர் குடித்தேன். ஒரு பெண் சீவல் தட்டை என் பக்கம் தள்ளினாள், வேண்டாம் என்றேன். மச்சான் கடிதத்தை வாங்கி, போன தடவை போலவே இரண்டு கையாலும் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். சட்டம் போட்டுக் கடையில் மாட்டலாமா என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். வேண்டாம், கோப்பில் இருக்கட்டும் என்றேன். பேனாவை வாங்கி, கிடைக்கிற எல்லாக் கடிதத்திலும் எழுதுவது போல அதன் வலது மேல் மூலையில் எழுதினேன்: கிடைத்தது, தீபாவளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை.