வராந்தாச் சுவரில் ஓர் ஈறு

என் அக்கா வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள்.

கல்யாணமான புதிதில், உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் அவள் புருஷன் சொன்னான்: "இவ வாயைத் திறந்தா சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி இருக்கு. எவன் குடித்தனம் பண்ணுவான்?" எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வெறும் ஈறு வீக்கம்தான். பல் மருத்துவக் கல்லூரியில் காட்டியதும் சரியாகிவிட்டது. கை மட்டும் வாயை விட்டு இறங்கவில்லை.

பிறகு அதே கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நோயாளிகளின் ஈறிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிடுவாள். கிருமியை அடையாளம் கண்டு உடம்பை உசுப்பிவிடும் ஏற்பிகள் நமக்குப் பிறவியிலேயே உண்டு. சாயமிட்டதும் அவை இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். நல்ல ஈறில் அங்கங்கே ஒரு தீற்றல். அழற்சி கண்ட ஈறில் அப்பிக் கிடக்கும்.

"காவல்காரன் போடற கூச்சல்ல ஊரே திரண்டு வந்து வீட்டை இடிக்குது. அந்த ரகளையிலதான்டி எலும்பு கரையுது" என்பாள்.

ஒருநாள் துணுக்கை வாங்கிவரப் போனவள், சிகிச்சை நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவனைப் பார்த்தாள். அவன்தான். முகக்கவசம் போட்டிருந்த அவளை அவனுக்குத் தெரியவில்லை.

"சிஸ்டர், ரொம்ப நாறுதா?"

"எல்லாருக்கும் இருக்கறதுதான் சார்."

வீட்டுக்கு வந்து அவள் சொல்லக் கேட்ட எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அவன் துணுக்கைக் காயப்போட்டுப் பாழாக்கிடுக்கா!"

"போடி பைத்தியம். பாழானா குப்பைக்குப் போயிடும். நல்லா வந்தாத்தான் சுவர்ல மாட்டுவாங்க."

அப்படியொரு சீவலை அவள் அதற்குமுன் சீவியதில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கிழிசல் இல்லை. பேராசிரியர் அதைப் படமெடுத்து, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வராந்தாவில் மாட்டினார். யாருடையது என்று போடவில்லை. ஆண்டுதோறும் புது மாணவர்கள் அதன்முன் நின்று முகம் சுளித்தார்கள். அக்கா தினமும் டீயோடு போய் அதன் எதிரே நிற்பாள்.

போன மாதம் அக்கா போய்விட்டாள். கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு அவனும் வந்தான்.

"என்ன இருந்தாலும் கட்டினவன் இல்லியாம்மா? நல்ல மனுஷி. வாய்தான் கொஞ்சம்..." என்று மூக்கைத் தடவிச் சிரித்தான்.

அதுவரை அழுதுகொண்டிருந்த நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாப் படத்தருகே போனேன். "அத்தான், இப்படி வாங்க. அக்கா செஞ்ச வேலையைப் பாருங்க. இது ஒருத்தரோட ஈறு. பழுப்பா இருக்கறதெல்லாம் கிருமிக்கு எதிரா உடம்பு போட்ட கூச்சல்."

கண்ணாடியை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தான். "அடக் கண்றாவியே! முழுக்கப் பழுப்பால்ல இருக்கு! யார் வாய்ம்மா இது? இவன்கூட எவ குடித்தனம் பண்ணுவா?"

"உங்க வாய்தான் அத்தான். நாறுதான்னு ஒரு சிஸ்டரைக் கேட்டீங்களே, அது அக்கா."

பக்கத்தில் நின்ற மாணவிகள் திரும்பினார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவன் கை தானாக மேலேறி வாயைப் பொத்தியது. எடுக்காமலேயே படியிறங்கிப் போனான்.

பார்க்க அக்கா இல்லை. எனக்கு அது ஒன்றுதான் குறை.