வடக்கே தலை வைத்த திரை

மரக்காணத்தில் கல்யாணப் பத்திரிகையையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவன் நான். அப்படிப்பட்டவன் பின்பால் மேசை செய்யக் கிளம்பியதற்குக் காரணம் என் மச்சானின் இடது கை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். உப்பளம் வைத்திருப்பவர். 2005-ல் மழை பிடித்து உப்பு வேலை நின்ற சமயம் அவருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. ஒரு மாதத்தில் நடை திரும்பியது. பேச்சு எங்களுடைய துரதிர்ஷ்டத்துக்கு முழுசாகவே திரும்பியது. இடது கை விரல்கள் மட்டும் வரவில்லை. புதுச்சேரியில் பிசியோதெரபி அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, நாளெல்லாம் அமுக்கச் சொன்னார்.

“ஆம்பள உக்காந்துக்கினு பந்த பிசையறதா மாப்ள? வரப்புல போறவன் என்னா நெனைப்பான்?” என்றார் மச்சான். பந்து தெருநாய்க்குப் போனது. நாய்க்கு நல்ல முன்னேற்றம்.

இளவயதில் அவர் புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே ஒரு பின்பால் மேசை இருந்ததாம். கண்ணாடிக்கு அடியில் சாய்ந்த பலகையில் இரும்புக் குண்டு உருண்டு வரும். பெட்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டன். அதை அமுக்கினால் உள்ளே சின்னத் துடுப்பு எழுந்து குண்டை மேலே தட்டும். தவறினால் குண்டு போச்சு. அந்த மேசையில் தன்னை ஒருவனும் ஜெயித்ததில்லை என்பதை அவர் காதுகுத்து, வளைகாப்பு பாராமல் எல்லா விசேஷத்திலும் சொல்லியிருக்கிறார். விரலால் மட்டுமே ஆடும் ஆட்டம் என்பது எனக்கு ஒரு நாள் சவரம் செய்யும்போது உறைத்தது. கன்னத்திலும் கொஞ்சம் வெட்டியது.

நிஜ மேசைக்கு எங்கே போக? பொம்மையார்பாளையத்து கார்பெண்டர் ஒருவர் ஆரோவில்லில் வெள்ளைக்காரர்கள் வீட்டில் வேலை செய்பவர். அவர்தான் வழி காட்டினார். “குண்டே இல்லாம ஆடறாங்க சார். பொட்டிக்குள்ள கம்ப்யூட்டர் ஸ்கிரீன படுக்கப் போட்டிருக்குது. குண்டு, துடுப்பு எல்லாம் படம். பட்டன் மட்டும் நெசம்.” அந்த வெள்ளைக்காரரிடமிருந்து புரோகிராம் இருந்த சிடியையும் வாங்கி வந்தார். பெட்டியும் அவரே செய்தார். திரைகளைப் பொருத்துவது என் பாடு.

திரை இரண்டு வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்பதில் பாயிண்ட் தெரியும். அதற்கு என் கடையின் பழைய மானிட்டர் போதும். பெட்டிக்குள் படுத்திருக்கும் பெரிய திரையில்தான் ஆட்டம். செகண்ட் ஹேண்டில் பத்தொன்பது அங்குல மானிட்டர் ஒன்று வாங்கினேன். அந்தக் காலத்து மானிட்டருக்குப் பின்னால் கர்ப்பிணி போல வயிறு இருக்கும். அதை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். பின்பால் மேசை நீளமானது, மானிட்டரோ அகலமானது. ஆகவே பக்கவாட்டில் கால் வட்டம் திருப்பியும் வைக்க வேண்டும். நானும் கார்பெண்டரும் அதைத் தூக்கி இறக்கிய விதத்தைப் பார்த்த என் மனைவி, “பிரசவத்துக்குக்கூட இவ்ளோ சத்தம் போடலையே” என்றாள். படத்தையும் புரோகிராமில் திருப்பியாயிற்று. அதற்குப் பிறகு மவுஸை மேலே தள்ளினால் அம்பு பக்கவாட்டில் போனது. என் வீட்டில் என் பேச்சுக்கு உள்ள மரியாதை மவுஸுக்கும் கிடைத்தது.

பெட்டியின் தலைமாட்டைக் கிழக்கே வைத்தேன். நான் படித்தவன், சாஸ்திரம் பார்ப்பதில்லை. ஆனாலும் எதற்கு வம்பு?

சுவிட்சைப் போட்டதும் ஆட்டம் வந்தது. கூடவே இடது கீழ்மூலையில், சரியாக இடது துடுப்பின் மேல், பாசி பிடித்த குளம் மாதிரி ஒரு பச்சைக் கறை. மேசைமேல் நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது சுத்தமாக இருந்த திரை. ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். ஒயர்களைப் பிடுங்கிச் சொருகினேன். கறை போகவில்லை.

மச்சானோ, உப்பில் கடுகளவு மண் கலந்தால் அடுத்த பாத்தியிலிருந்தே கண்டுபிடித்துத் திட்டுகிற ஆள். குறையுள்ள பொருளைத் தொடவே மாட்டார். அதனால் மனைவியிடமும் கார்பெண்டரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்: “கறைய பத்தி அவரு முன்னாடி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஆட்ட சுவாரசியத்துல கண்டுக்க மாட்டாரு.”

மச்சான் வந்தார். முன்னால் உட்கார்ந்தார். உற்றுப் பார்த்தார். ஒரு கண்ணைக் கசக்கினார்.

“படம் நல்லா தெரியுதா மாப்ள?”

“கண்ணாடி மாதிரி இருக்குது மச்சான்.”

“ஏம்பா, உனக்கு?” என்று கார்பெண்டரைக் கேட்டார்.

“சூப்பரா இருக்குது சார்.”

“சரி, அப்பறம் பாக்கலாம்” என்று எழுந்து போய்விட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. பட்டனைத் தொடவேயில்லை.

அவர் மனதில் ஓடியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களை நான் காக்க வைக்கவில்லை. வாதம் கண்ணுக்கும் ஏறிவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அதுவும் விழுந்த அதே இடது பக்கத்தில். இரண்டு பேர் சுத்தம் என்று சாதிக்கும் இடத்தில் தனக்கு மட்டும் கறை தெரிந்தால் மனிதன் வேறென்ன நினைப்பான்? கை போனாலும் கரையில் நின்று ஆளை வேலை வாங்கலாம். கண் போனால் அளம் ஏது? தை பிறந்தால் பாத்தி கட்ட வேண்டும். அளத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடப்போவதாக மூன்றாம் நாள் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். காரணம் மட்டும் சொல்லவில்லை. அவள் அன்றைக்கு எங்கள் வீட்டு அரிசியை இரண்டு முறை களைந்தாள்.

நான்காம் நாள் பிற்பகல் அவருக்கு டீ கொண்டுவந்த என் மனைவி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இதுக்கு ஏன் வடக்கால தல வெச்சிருக்கீங்க?”

“கிழக்கடி. பொட்டியோட தல கிழக்கால இருக்குது.”

“பொட்டி கெடக்குது. உள்ள படுத்திருக்கறத பாருங்க. ஒருக்களிச்சி வெச்சீங்களே, அதோட தல எந்தப் பக்கம்?”

பார்த்தேன். மானிட்டரின் மேல்விளிம்பு நேர் வடக்கே இருந்தது.

“அதான் மூஞ்சி பச்ச பூத்து கெடக்குது” என்றாள். சொன்ன பிறகுதான் என் தடையுத்தரவு நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். “எங்க பச்சை?”

“அந்த மூலைலதாண்ணே.”

“உனக்குத் தெரியுதா?”

“தெரியாம? கண்ணு அவிஞ்சா போச்சு?”

என் பக்கம் திரும்பினார். “உனக்கு?”

“மொத நாள்லேந்து தெரியுது மச்சான்.”

அவர் எழுந்து பெட்டிக்குள் குனிந்து திரையின் அந்த மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, “நாலு நாளா ஒரு கண்ண மூடிக்கினு, மறு கண்ண மூடிக்கினு, வூட்டு செவுரெல்லாம் பாத்துக்கினு கெடந்தேண்டா பாவி. கண்ணாடி மாதிரி இருக்குதாமே! என்னா மனுஷண்டா நீ?” என்றார். வயதில் பெரியவர் ஒருவரிடம் இவ்வளவு நியாயமாக நான் திட்டு வாங்கியதில்லை.

பெட்டியைக் கால் வட்டம் சுற்றித் தலைமாட்டைத் தெற்கே கொண்டுபோனோம். உள்ளே திரையின் தலை கிழக்கே வந்தது. மச்சானும் வலது கையால் ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினார். திரையை அணைத்து மறுபடி போட்டோம். கறை இல்லை. உற்றுப் பார்த்தால் லேசாக ஒரு நிழல், அவ்வளவே. பூமியின் காந்தம் இந்த வகைத் திரையின் நிறத்தை இழுக்கும் என்றும், போடும்போதெல்லாம் அதைச் சரிசெய்கிற பாகம் உப்புக்காற்றில் செத்துப்போயிருக்கிறது என்றும் திண்டிவனத்து டிவி மெக்கானிக் பிற்பாடு விளக்கினார். நான் மனைவியிடம் அதை விவரமாக எடுத்துச் சொன்னேன். “அதத்தான நானும் சொன்னேன்” என்றாள்.

மச்சான் உட்கார்ந்தார். வலது கை பட்டனில் தானாகப் போய் உட்கார்ந்தது. இடது கையைத் தூக்கி நான்தான் பட்டன்மேல் வைத்தேன். வலப்பக்கம் வந்த குண்டுகளை அவர் தட்டிய தட்டில், அந்த ஓட்டல் கதை பொய்யில்லை என்பது தெரிந்தது. இடப்பக்கம் வந்ததெல்லாம் நேராகக் குழிக்குள் போனது. ஆறு குண்டு போனது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கெட்ட வார்த்தை.

ஏழாவது குண்டும் இடப்பக்கமே வந்தது. அவர் நடுவிரல் நடுங்கியது, மடங்கியது. டிக் என்று சத்தம் கேட்டது. துடுப்பு எழுந்தது. குண்டு அதற்குள் போய்விட்டிருந்தது.

துடுப்பு எழுந்ததே என்று நானும் மனைவியும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குண்டு போய்விட்டதே என்று அவர் பல்லைக் கடித்தார்.

“என்னா வேடிக்க பாத்துக்கினு கீற? இன்னொன்னு வுடு மாப்ள” என்றார்.