முத்திரை இல்லாத விண்ணப்பமும் என் முதல் பந்தியும்

முப்பத்துநான்கு வருடம் பிரதேச செயலகமொன்றில் கோப்பெழுதிவிட்டு ஓய்வுபெற்றவன், வார இதழுக்குக் கட்டுரை எழுதக் கிளம்பினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கொழும்பிலிருந்த, இதழின் உதவி ஆசிரியை மூன்று கட்டுரைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். என் தொடக்கங்கள் சுற்றுநிருபம் மாதிரி இருக்கின்றனவாம். முதல் பந்தியில் ஒரு மனிதர் வேண்டும், அவருக்கு ஒரு கஷ்டம் வேண்டும் என்றார். சனிக்கிழமைக்குள் அப்படி ஒன்று வராவிட்டால் இதழில் எனக்கு ஒதுக்கிய இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்பதையும் மரியாதையாகச் சொல்லிவைத்தார்.

ஆகவே மனிதரைத் தேடினேன். திங்கட்கிழமை பஸ்ஸில் கடுகண்ணாவைக்குப் போய், ஒரு தேநீர் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை நாவலப்பிட்டிக்கு ரயில். எதிரே இருந்தவர் வழி முழுவதும் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொன்னார். எனக்கும் அது இருப்பதால் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் கதிரையில் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. "வெளியில போறதெண்டால் போங்கோ. இப்பிடி நடந்து நடந்து நிலத்தைத் தேய்க்காதேங்கோ" என்றாள் மனைவி.

புதன்கிழமை, அரச அலுவலகங்கள் மக்களைச் சந்திக்கும் பொதுமக்கள் தினம். நான் வேலை செய்த செயலகத்துக்கே போய், அடையாள அட்டைப் பிரிவின் வாங்கில், இலக்கத் துண்டுடன் காத்திருப்பவர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். என் கையில் துண்டும் இல்லை, அலுவலும் இல்லை. பக்கத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண். என் கண்ணாடியையும் சட்டைப்பையில் இருந்த பேனையையும் பார்த்து, விவரம் தெரிந்தவன் என்று நம்பிவிட்டார். மகளுக்கான விண்ணப்பத்தை நீட்டி, "இது சரியான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கய்யா" என்றார்.

ஒரு பார்வையிலேயே தெரிந்தது. கிராம சேவகரின் கையொப்பம் இருந்தது. அதற்குக் கீழே முத்திரை இல்லை. அப்படி ஒரு படிவத்தை எந்தக் கருமபீடத்திலும் எந்த எழுதுவினைஞரும் வாங்கமாட்டார். பெரிய சிக்கலும் இல்லை. அன்று காலை பிரதேசத்தின் கிராம சேவகர்கள் எல்லோரும் மேல்மாடியில் கூட்டத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவர் பையிலும் முத்திரை இருக்கும். படியேறிப் போனால் ஐந்து நிமிட வேலை.

அதற்குள் அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். மகள் சாதாரணதரப் பரீட்சை இரண்டாம் தடவை எழுதப்போகிறாள். போன தடவை கணக்குப் பாடத்தன்று மண் சரிந்து பாதை அடைபட்டுவிட, மழையில் நடந்தே போய், பாதி நேரம் கழிந்தபின் மண்டபத்துக்குள் நுழைந்திருக்கிறாள். தலைமயிரிலிருந்து சொட்டிய நீரில் விடைத்தாளின் எழுத்துகள் ஊறிப்போயினவாம். கணக்கு மட்டும் போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் ஏறாவிட்டால் பரீட்சைக்குமுன் அடையாள அட்டை வந்து சேராது.

எனக்கு முதல் பந்தி கிடைத்துவிட்டது. முத்திரையைப் பற்றிச் சொன்னால் அவர் எழுந்து மேலே ஓடிவிடுவார், கதை பாதியில் நிற்கும். "பாக்கிறன், சொல்லுங்கோ" என்றேன். தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எந்தப் பாதை, எத்தனை மைல், சீருடை காய்ந்ததா என்றெல்லாம் கேட்டேன். அவரும் சொல்லிக்கொண்டே போனார். மேல்மாடிக் கூட்டம் கலைந்து, கோப்புப் பைகளோடு கிராம சேவகர்கள் படியிறங்கிப் போனதையும் பார்த்தேன். பிறகு அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் அதே படிவம். நான் எழுந்து கருமபீடத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுதுவினைஞர் என்னிடம் வேலை பழகியவர். இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், முத்திரை நாளைக்கு வரும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சுவரைக் காட்டினார். முத்திரையற்ற கையொப்பம் ஏற்கப்படமாட்டாது என்று நானே எழுதி ஒட்டிய அறிவித்தல், பிளாஸ்டிக் உறை போட்டு, இன்னும் இருந்தது.

"சேர், இதுக்காக நீங்க எத்தன பேர திருப்பி அனுப்பியிருக்கீங்க" என்றார். குறும்பாகத்தான் சொன்னார்.

கிராம சேவகரை இனி வியாழக்கிழமைதான் அவருடைய அலுவலகத்தில் பிடிக்கலாம், வெள்ளிக்கிழமை இங்கே வரலாம் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். ஒழுங்குமுறையை விளக்குவதில் நான் ஒருபோதும் சோடை போனதில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, நீங்க முன்னாடியே பாத்துட்டீங்க, என்னா?"

இன்னும் இரண்டு நாள் கூலி போகும் என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று மாலை அந்தப் பந்தியை எழுதினேன். நான் எழுதியவற்றில் அதுவே நல்ல தொடக்கம். வாங்கில் பக்கத்தில், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தவனைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அவனைச் சேர்த்துப் பார்த்தேன்; கட்டுரை அவனைப் பற்றியதாக மாறியது. எடுத்துப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. வியாழக்கிழமை முழுவதும் சேர்ப்பதும் எடுப்பதுமாகப் போனது. மழை பெய்தபோதெல்லாம் அவர்களுடைய பாதையை நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கதவு திறக்குமுன்பே செயலகத்துக்குப் போய்விட்டேன். பத்தரைக்கு அந்தப் பெண் வந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. ஆனாலும் நேராக வந்து படிவத்தை நீட்டினார். முத்திரை இருந்தது. திகதி, பெயர், பிறப்பு அத்தாட்சிப் பத்திர இலக்கம், படத்தின் பின்புறம் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தேன். "எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

அவர் தலையாட்டினார். படிவத்தை வாங்கிக்கொண்டு போய், வாங்கின் மறுகோடியில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவரிடம் நீட்டி, சரிதானா என்று கேட்டார்.