அரண்மனை நடை

பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் செயின்ட்-மிஷேல் பகுதியில், வசந்தி தொண்டு செய்யும் அகதிகள் உதவி நிலையம். ஊர் பார்க்க வந்த நான் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். உள்நாட்டுப் போரில் வீடிழந்து வந்த எத்தியோப்பியப் பெரியவருக்கு, பல மாதங்கள் கேட்டு அலைந்த பிறகு, இன்று ஓர் அறை கிடைத்திருக்கிறது.

வசந்தியிடம் சாவியை இரு கைகளாலும் வாங்கியவர், குனிந்தபடியே பின்னோக்கி நடக்கிறார். இடிக்கப் போகிறாரே என்று நாற்காலியை இழுக்கிறேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. அரண்மனையில வேலை செய்தவர். ராசாவுக்கு முதுகு காட்டக் கூடாதாம்," என்கிறாள் வசந்தி. உடனே அவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்கிறாள்.

"என்ன சொன்ன?"

"சாவி உங்கட கையில, இனி நீங்கதான் ராசா எண்டனான்."

பெரியவர் நிற்கிறார், சிரிக்கிறார். பிறகு சட்டெனத் திரும்பி, சிப்பாயைப் போல நெஞ்சை நிமிர்த்தி வாசலை நோக்கி நடக்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். கூச்சத்தை விட்டு நானும் தட்டுகிறேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை.